கட்டிலுக்கடியில் இருக்கும் பூனை எப்போது வெளியே வரும்?

கேள்வி இதுதான். தெருவிலிருந்து மீட்கப்பட்ட இரண்டு வயதுப் பெட்டைப் பூனை ஒன்றைத் தத்தெடுத்து நான்கு நாள் ஆகிறது. வந்த நிமிடமே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது, இன்னும் வெளியே வரவில்லை. நள்ளிரவில் கத்துகிறது. வீட்டில் அசைவம் கிடையாது. தயிர் சாதமும் பாலும் வைத்தால் தொடுவதில்லை. முன்பு வளர்த்தவர் கொடுத்தனுப்பிய உலர் உணவு மட்டும் இரவில் கொஞ்சம் குறைகிறது. சென்னையில் நான்காவது மாடி ஃபிளாட். மாமியாருக்குப் பூனை முடி என்றால் பயம். ஏழு வயது மகனுக்கு அதைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும். "எங்கள் வீடு அதற்குப் பிடிக்கவில்லையா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருப்பிக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு நிம்மதி தந்த வரி, "இரவில் கொஞ்சம் குறைகிறது" என்பதுதான். ஆள் இல்லாத நேரம் பார்த்து வெளியே வந்து, தின்றுவிட்டு, மறுபடி உள்ளே போகிறது. நான்காவது நாளில் இது ஒரு பூனை ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலைதான். பதினைந்து வருடமாகத் தெருப்பூனைகளை வீட்டில் வைத்து வளர்த்து, நல்ல இடம் கிடைக்கும்போது அனுப்பி வருகிறேன். வந்த அன்றே மடியில் ஏறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆனால் முதலில் இரண்டு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒன்று, சாப்பாடு. உணவை அளந்து வையுங்கள். ஒரு டம்ளரில் இத்தனை என்று வைத்தால்தான் காலையில் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். பூனை பட்டினி கிடப்பது நாய் பட்டினி கிடப்பது போல் அல்ல. சாப்பாடு நின்றதும் உடம்பில் இருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய் நிறைகிறது, கல்லீரல் வேலை செய்வதை நிறுத்துகிறது. குண்டான பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒரு நாள் முழுவதும் வாயே வைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். இரண்டு நாள் ஆகிவிட்டால் "பழகிவிடும்" என்று காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

இரண்டாவது, சிறுநீர். மணல் தொட்டியில் ஈரக்கட்டி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். பயத்தில் முதல் நாள் அடக்கி வைத்துக்கொள்ளும், அது பரவாயில்லை. ஆனால் திரும்பத் திரும்பத் தொட்டிக்குப் போய்க் குந்தி, முக்கி, ஒன்றும் வராமல் எழுந்தால் அது அவசரம். கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். உங்களுடையது பெட்டை, அந்த அளவு பயமில்லை, இருந்தாலும் கண் இருக்கட்டும்.

இப்போது கட்டிலுக்கடி. பூனைக்கு வீடு என்பது சுவரும் கூரையும் இல்லை, வாசனை. அதன் கன்னத்திலும் தாடையிலும் பாதத்தின் அடியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தை உரசுவது பாசத்தால் மட்டுமல்ல, "இது என் இடம்" என்று தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்வதும்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு எழுத்துகூட இன்னும் இல்லை. சாம்பிராணி, தாளிப்பு, சோப்பு, நான்கு பேருடைய வியர்வை, எல்லாமே அந்நியம். சத்தமும் அப்படித்தான். நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, பூனைக்கு 60,000ஐத் தாண்டியும் கேட்கும். நம் காதுக்கு எட்டாத சத்தங்களும் அதற்கு எட்டும் என்னும்போது, மிக்ஸியும் குக்கர் விசிலும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எலியை வேட்டையாடும் அதே பூனை, தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் இருந்து வந்த ஜாதி. தெரியாத இடத்தில் ஒளிந்து கவனிப்பதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. உங்கள் வீடு பிடிக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீடு எது என்றே அது இன்னும் முடிவு செய்யவில்லை.

அதனால் முழு ஃபிளாட்டையும் ஒரே நாளில் அதன் தலையில் கட்டாதீர்கள். ஒரே ஒரு அறை போதும், இருப்பதிலேயே அமைதியான அறை. சமையலறையிலிருந்து தள்ளி, வாசல் கதவிலிருந்து தள்ளி இருந்தால் நல்லது. அறையின் ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், அவற்றை ஒட்டி வைக்காமல் இரண்டடி தள்ளித் தள்ளி. எதிர்மூலையில் மணல் தொட்டி. நமக்குச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் கழிப்பறை பிடிக்காதது போலத்தான் அதற்கும். தொட்டியில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மணல், வாசனை சேர்க்காதது. லாவெண்டர் மணமெல்லாம் நமக்காகச் செய்வது. பூனைக்கு அது மூக்கில் அடிப்பது போல. தினமும் இரண்டு வேளை அள்ளிவிடுங்கள். அழுக்குத் தொட்டியை விட உங்கள் மெத்தை அதற்குச் சுத்தமாகத் தெரிந்தால் தப்பு நம்முடையதுதான்.

அப்புறம், ஒரு அட்டைப்பெட்டி. காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளையும் விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. பெட்டியைக் கவிழ்த்து, எதிரெதிரே இரண்டு துளை வெட்டி, உள்ளே நீங்கள் உடுத்தித் துவைக்காத பழைய புடவையோ துண்டோ மடித்துப் போடுங்கள். இரண்டு துளை ஏன் என்றால், தப்பிக்க இன்னொரு வழி இருக்கும் இடத்தில்தான் பூனை நிம்மதியாக உட்காரும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2014ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மீதிக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தன, மற்றவை ரொம்பப் பின்தங்கின. ஒளிய விட்டால் கூச்சம் அதிகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு.

பூனையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வெளியே எடுக்க மட்டும் செய்யாதீர்கள். துடைப்பத்தால் தள்ளுவதும் வேண்டாம். பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சில நாள் கழித்துக் கட்டிலுக்கடியில் தூரத்து மூலைகளை மட்டும் சூட்கேஸ் வைத்து அடைத்து வாருங்கள். அது பெட்டிக்கு மாறிக்கொள்ளும். கொண்டுவந்த கூடையையும் பரணில் போடாமல் கதவைத் திறந்து அறையிலேயே வையுங்கள். பழைய இடத்து வாசனை இருப்பது அதில் மட்டும்தான். அதே காரணத்துக்காக, அதனுடன் வந்த துணியை இரண்டு மூன்று வாரத்துக்குத் துவைக்காதீர்கள்.

செவலை என்று ஒரு பூனை வைத்திருந்தேன். ஒன்பது நாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. ஒவ்வொரு காலையும் நான் முதலில் பார்த்தது மணல் தொட்டியைத்தான். மூன்றாம் நாள் அதில் ஓரமாக ஒரு பாதத் தடம் மட்டும் இருந்தது. கால் வைத்துப் பார்த்துவிட்டு ஏதோ சத்தத்துக்குத் திரும்ப ஓடியிருக்கிறது. நான்காம் நாள் நடுவில் ஒரு சின்னக் குழி, மூடிய அடையாளத்தோடு. பத்தாம் நாள் காலை நான் தரையில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தபோது, டிரம்மின் ஓரத்தில் முதலில் மீசை தெரிந்தது, பிறகு ஒரு காது. நான் திரும்பவில்லை. கால் மணி நேரம் கழித்து என் கால் கட்டைவிரலில் சில்லென்று ஏதோ பட்டது. மூக்கு. முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அன்று அவ்வளவுதான்.

உங்கள் பூனைக்கும் அப்படி முகர்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் அதைத் தேடிப் போகக்கூடாது. தினமும் இரண்டு மூன்று முறை, இருபது நிமிடம், அறைக்குள் போய்த் தரையில் உட்காருங்கள். நின்றால் நாம் அதற்கு மலை. ஃபோன் பாருங்கள், கீரை ஆயுங்கள், மெதுவாகப் பேசுங்கள். முறைத்துப் பார்ப்பது பூனை மொழியில் சண்டைக்கு அழைப்பது. தற்செயலாகக் கண் பட்டுவிட்டால், இமையை மெதுவாகப் பாதி மூடி, முழுதும் மூடி, மெதுவாகத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2020ல் முடிவை வெளியிட்டார்கள். மெதுவாக இமைத்துக் காட்டினால் பூனையும் பதிலுக்கு இமைக்கிறது, முன்பின் தெரியாதவர் நீட்டிய கையை நோக்கியும் வருகிறது. கட்டிலுக்கடியில் இருட்டில் அந்த இரண்டு கண்ணும் ஒருமுறை மெல்ல மூடித் திறக்கும். அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். "தொடாதே, போகாதே" என்று மட்டும் சொன்னால் குழந்தை எத்தனை நாள் கேட்கும்? பள்ளிப் பாடத்தை அந்த அறையில் பூனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தமாகப் படிக்கட்டும். ஏற்ற இறக்கமில்லாத ஒரே குரல், ஒரே நேரம், ஓடாத கால். பூனைக்கு அவன் குரல் பழகும், அவனுக்கும் பூனை தன்னுடையது என்று ஆகும். கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டியது: தூங்கும்போதும் சாப்பிடும்போதும் மணல் தொட்டியில் இருக்கும்போதும் பக்கத்தில் போகக்கூடாது, பெட்டிக்குள் கை விடக்கூடாது. நகமோ பல்லோ பட்டுத் தோல் கிழிந்தால், சின்னதோ பெரியதோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பூனையாலும் அந்த நோய் பரவும். இதை வீட்டில் யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.

நள்ளிரவுக் கத்தலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, ஊர் அடங்கியதும் புது இடத்தைச் சுற்றிப் பார்த்துக் குரல் கொடுப்பது. எழுந்து போய்ச் சமாதானம் செய்யாதீர்கள், விளக்கும் போடாதீர்கள். இரவு படுக்கும் முன் கடைசி வேளைச் சாப்பாட்டைத் தள்ளி வையுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். இரண்டாவதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. கருத்தடை ஆகாத பெட்டையாக இருந்தால் அது பருவக் கூப்பாடாகவும் இருக்கலாம். தரையில் உருளும், பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். கொடுத்தவரிடம் அறுவை சிகிச்சை ஆனதா என்று கேளுங்கள். தெருப்பூனைக்குக் கருத்தடை செய்யும்போது அடையாளத்துக்காகப் பெரும்பாலும் ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். அதையும் பாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தயிர் சாதத்தில் பூனை வாழாது. பூனை முழு மாமிச உண்ணி. டாரின் என்ற சத்தைத் தன் உடம்பில் போதுமான அளவு தயாரிக்க அதற்கு வராது, மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத் தசையும் தளர்ந்துவிடும் என்பதை 1987ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். கடைகளில் வரும் பூனை உணவில் டாரின் சேர்ப்பதற்கு இதுவே காரணம். அதனால் சமையலறைக்குள் மீன் வரவே வேண்டாம், வீட்டு வழக்கமும் கெட வேண்டாம். அதே உலர் உணவைத் தொடருங்கள், கூடவே பாக்கெட்டில் வரும் ஈர உணவு ஒரு வேளை. இப்போதைக்கு பிராண்டை மாற்றாதீர்கள். இடமும் மாறி, ஆளும் மாறி, தட்டில் இருப்பதும் மாறினால் அதற்குத் தெரிந்தது என்று ஒன்றுமே மிஞ்சாது. இரண்டு மூன்று வாரம் கழித்து மாற்ற நினைத்தால், பழையதில் புதியதைக் கலந்து பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். ஈர உணவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்படியே வைக்காமல் பாக்கெட்டை வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள். மணம் எழும்பினால்தான் பூனைக்குப் பசிக்கும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

மாமியார் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அந்த வயதில் ஒரு புது உயிரோடு பழகுவது அவருக்கும் கஷ்டம்தான். முடி வயிற்றில் போனால் ஆபத்து என்ற பயத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர் என்றால் மட்டும் அது வேறு விஷயம், அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வாரம் மூன்று நாள் சீவிவிட்டால் முடி உதிர்வதில் பாதி சீப்பிலேயே வந்துவிடும், பூனை பழகிய பிறகு. என் அனுபவத்தில் பெரியவர்களின் மனம் மாறியது ஒரே ஒரு வழியில்தான். மாலைச் சாப்பாட்டை அவர் கையால் வைக்கச் சொல்லுங்கள். அறைக் கதவைத் திறந்து, தட்டை வைத்துவிட்டு, வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பூனை தனக்குச் சோறு போடும் காலடி ஓசையை மறக்காது. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் மணலை வேறொருவர் தினமும் அள்ளட்டும். டாக்சோபிளாஸ்மா கிருமி கழிவில் வெளியேறித் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், தினமும் சுத்தம் செய்துவிட்டால் அந்தக் கவலை பெருமளவு போய்விடும்.

வீட்டில் மாற்றியே ஆக வேண்டியது தரை துடைப்பது. பினாயில் கூடாது. ஃபீனால் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதவில்லை. துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும், நஞ்சு அப்படியே உள்ளே போகும். டெட்டாலுக்கும் இதே கதை. மிதமான சோப்புத் தண்ணீர் போதும். இதே குறைபாட்டால்தான் நாம் சாதாரணமாகப் போடும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி மருந்தாக விற்கும் பெர்மெத்ரின் கலந்ததும் வேண்டாம், பாச்சை உருண்டையும் வேண்டாம். தொட்டியில் மணி பிளான்ட் இருந்தால் எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், வாய் எரியும். பூங்கொத்தில் வரும் லில்லியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். பூஜை அறையில் பூ கட்டும் நூல், தையல் நூல், ரப்பர் பேண்ட் எல்லாம் டப்பாவுக்குள் போகட்டும். பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கி இருப்பதால் நூலைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும், அது குடலைச் சுருட்டிவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

நான்காவது மாடி என்கிறீர்கள். பால்கனிக்கும் கம்பி இல்லாத ஜன்னலுக்கும் வலை போடும்வரை அறைக் கதவைத் திறக்கவே வேண்டாம். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்று நம்பி இழந்தவர்கள் நிறைய. நியூயார்க்கில் ஒரே கால்நடை மருத்துவமனைக்கு ஐந்தே மாதத்தில் 132 பூனைகள் இப்படி விழுந்து வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 1987ல் பதிவு செய்திருக்கிறார்கள். புறாவுக்கு வலை அடிப்பவர்களிடமே சொல்லலாம், ஆனால் கடிக்க முடியாத கெட்டியான வலையாகக் கேளுங்கள்.

வாசல் கதவுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். என் முதல் பூனை இரண்டாவது வாரத்தில் கேஸ் சிலிண்டர் வந்த நேரத்தில் கதவிடுக்கில் நழுவியது. தெருத்தெருவாக மூன்று நாள் அலைந்தேன். அது எங்கள் மாடிப்படிக்கு அடியில், பழைய மீட்டர் பெட்டிக்குப் பின்னால்தான் இருந்தது, கூப்பிட்டும் குரல் கொடுக்காமல். தொலைந்த பூனை பெரும்பாலும் மிகப் பக்கத்திலேயே உறைந்து உட்கார்ந்திருக்கும். இரவு இரண்டு மணிக்கு டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துத் தேடினால் கண் மின்னுவது தெரியும். எவரும் பெல் அடித்தால் முதலில் பூனை அறையைச் சாத்திவிட்டு வாசலைத் திறப்பது என்று இன்றே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் இப்போதே ஓட வேண்டியதில்லை, சாப்பிட்டுச் சிறுநீர் கழித்து வந்தால். கொஞ்சம் தெளிந்த பிறகு, பத்துப் பதினைந்து நாளில் போனால் போதும். போட்ட தடுப்பூசி விவரத்தைக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, குடற்புழு மருந்து, பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி, வெறிநோய்த் தடுப்பூசி மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். கூடையைத் துணியால் மூடிக் கொண்டுபோங்கள்.

எத்தனை நாள் ஆகும்? பூனை வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் இறங்க மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று ஆக மூன்று மாதம். தெருவில் அடிபட்டு வந்தவை இதைவிட நீளமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் பூனை அறைக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நாளில், கதவைத் திறந்து அடுத்த அறையை மட்டும் காட்டுங்கள். நகம் தீட்ட ஒரு ஸ்டூல் காலில் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றிக் கொடுங்கள், சோஃபா தப்பிக்கும். பீரோ மேல் ஏற ஒரு வழி இருந்தால் இன்னும் நல்லது, உயரத்திலிருந்து பார்க்கக் கிடைத்தால் பூனைக்குப் பாதி பயம் போய்விடும்.

முதல் முறை அது உங்களிடம் வரும்போது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். ஒரு விரலை மடக்கியபடி அதன் மூக்கு உயரத்தில் நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். முகர்ந்து பார்த்துவிட்டுக் கன்னத்தை உரசினால், கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் மட்டும், வயிற்றில் வேண்டாம், மூன்று தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே தலையால் முட்டிக் கேட்கும்.